மூன்று பேர் நீங்கலாக

பஞ்சாயத்து மெம்பராகப் பதவிப் பிரமாணம் முடிந்த மறுநாள் காலை ஜெயபாய் எப்போதும்போல குப்பை பிரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. ஏழு வருஷமாக அந்த நேரத்துக்கு அங்கே போய் நின்றவளைக் கால்கள் தானாகக் கொண்டுபோய் விட்டன.

உள்ளே பெண்கள் பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டும் கையுறை தேடிக்கொண்டும் இருந்தார்கள். யாரோ ஒருத்தி இன்னொருத்தியின் சாக்கை எடுத்துவிட்டாள் என்று ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஜெயபாயைக் கண்டதும் சத்தம் அடங்கியது. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"இருங்க பிள்ளைகளே. எதுக்கு நிக்கிய?" என்றாள் ஜெயபாய்.

ஒருத்தியும் உட்காரவில்லை. குழுவின் செக்ரட்டரி ஜினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் துடைத்துக் கொண்டுவந்து போட்டாள். "மெம்பர் இருக்கணும்."

நின்றவர்களில் சரோஜமும் இருந்தாள். ஏழு வருஷம் ஜெயபாயும் சரோஜமும் ஒரு ஜோடி. தள்ளுவண்டியின் ஒரு பக்கம் இவள் பிடித்தால் மறுபக்கம் அவள். மத்தியானம் யார் தூக்குவாளியில் மீன்குழம்பு இருக்கிறதோ அது இரண்டு பேருக்கும். அந்தச் சரோஜம் இன்று கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு மெம்பர், நாங்க வேலைக்கு இறங்கட்டா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று ஜெயபாய் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை.

காஞ்சிரமூலைப் பஞ்சாயத்து திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பாலராமபுரம் கடந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது. ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் மலையாளம். பாதி வீடுகளுக்குள் தமிழ். அந்த வீடுகளின் படலையில் மாதம் ஒருமுறை வந்து நின்று பிளாஸ்டிக்கும் பழந்துணியும் கண்ணாடியும் வாங்கிப் போகிறவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய். அதை வாங்கிப் பங்கு வைத்துக்கொள்வதுதான் அவர்கள் கூலி. இந்தப் பஞ்சாயத்தில் தனியாகச் சம்பளம் என்று ஒன்று இருந்ததில்லை. படலையைச் சாத்திக்கொண்டு "இங்க பிளாஸ்டிக்கே இல்ல" என்கிற ஒவ்வொரு வீடும் அவர்கள் கூலியிலிருந்து கழியும்.

வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது கட்சிக்காரர்கள் ஜெயபாயைத் தேடி வந்தார்கள். எல்லா வீட்டுக்கும் தெரிந்த முகம் வேண்டும் என்றார்கள். கணவர் இறந்து நாலு வருஷம், மகள் ரெனி ரியாத்தில் நர்ஸ், வீட்டில் பொழுது போகாமல் கிடந்தவளுக்கு அது ஒரு ஆசையாகவும் இருந்தது. நிற்கலாமா என்று முதலில் கேட்டது சரோஜத்திடம்தான். "நில்லு. நம்ம கூலிக்குப் பேச அங்க ஒரு ஆளு வேணும்" என்றாள் சரோஜம். ராத்திரி போஸ்டர் ஒட்டவும் வந்தாள். ஜெயித்த பிறகு சட்டப்படி ஜெயபாய் சேனையிலிருந்து விலக வேண்டியிருந்தது.

பஞ்சாயத்துக் கமிட்டியில் அவளை யாரும் மெம்பர் என்று கூப்பிடவில்லை. பிரசிடென்ட் ஹரிஷங்கரிலிருந்து பியூன் வரைக்கும் அவள் "சேனை சேச்சி"தான். மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. டீ கொண்டுவந்தால் அவளுக்கும் வைப்பார்கள். ஆனால் அவள் வாய் திறந்தால், தமிழ் வாடை அடிக்கும் அவள் மலையாளத்தைக் கேட்டு யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். கழிவு, ஓடை, கக்கூஸ் சம்பந்தமாக ஏதாவது வந்தால் மட்டும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். ஷெட்டில் அவள் மெம்பர், இங்கே சேனைக்காரி.

பிப்ரவரி மாதம் ஜினி ஒரு மனு கொண்டுவந்தாள். வசூல் படுத்துவிட்டது, சில மாதம் ஆளுக்கு எட்டாயிரம்கூடத் தேறுவதில்லை, தினக்கூலி நிச்சயமாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜெயபாய் அதைத் தானே கையில் வாங்கிக்கொண்டு ஹரிஷங்கரின் அறைக்குப் போனாள். அவர் முதலில் கைவிரித்தார். வந்த வருஷமே கட்டணத்தை ஏற்றினால் ஜனங்கள் வீட்டுப் படி ஏற விடமாட்டார்கள் என்றார். ஜெயபாய் விடவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். கட்சி ஆபீசில் பேசினாள். பஞ்சாயத்து செக்ரட்டரி விஷ்ணுப்ரியா, முப்பது வயதுப் பெண், வேறு பஞ்சாயத்துகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னாள்.

மார்ச் கடைசியில் ஹரிஷங்கர் ஒரு திட்டத்தோடு வந்தார். வீட்டுக் கட்டணம் எழுபது ரூபாய். கடைகளுக்கு இருநூறு. தினம் அறுநூறு ரூபாய் கூலி, வசூல் குறைந்தால் மீதியைப் பஞ்சாயத்து போடும். தள்ளுவண்டிக்குப் பதில் பிக்கப் ஆட்டோ. இதையெல்லாம் கேட்டபோது ஜெயபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

"பின்ன ஒரு காரியம்" என்றார் ஹரிஷங்கர். "எல்லாரையும் இன்ஷுரன்ஸில சேர்க்கணும். அறுபது கழிஞ்சவங்களெ கம்பெனி எடுக்காது. ரோட்டில ஏதாவது ஆயிப்போனா ஆரு சமாதானம் சொல்லுவது? அவங்க விலகட்டும். மூணு பேருதானே."

மூன்று பேர் யார் யார் என்று ஜெயபாய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தங்கபாய், கமலாட்சி, சரோஜம்.

கமிட்டி கூடுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அவள் சரோஜத்தின் வீட்டுக்குப் போனாள். சரோஜம் முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் தனியாள்தான். மகன் சிபி டிப்பர் ஓட்டுகிறான், பெண்டாட்டி வீட்டோடு காட்டாக்கடையில் இருக்கிறான்.

"மெம்பர் வரணும்."

"இங்கயும் அப்படித்தான் விளிப்பியா?"

"பின்ன எப்படி விளிக்க? நாலு பேர் முன்ன வாய் தவறிரப்பிடாதுல்லா. வழக்கம் வரட்டும்."

ஜெயபாய் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டணம், கூலி, ஆட்டோ, கடைசியில் வயசு. சரோஜம் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தோல் நீளமாக உரிந்து மடியில் விழுந்தது.

"எனக்கு அறுபது எப்ப களிஞ்சதுன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"போன கர்க்கடகத்தில. நீதான் பரோட்டா வாங்கித் தந்தே."

"நான் கமிட்டியில சொல்லுவேன் சரோஜம். இப்ப இருக்கப்பட்டவங்க இருக்கட்டு, புதுசா எடுக்கப்பட்டவங்களுக்கு மட்டும் வயசு பாருங்கன்னு சொல்லுவேன்."

"சம்மதிப்பாவளா?"

ஜெயபாய் கீழே சிதறிய தோலைப் பொறுக்கினாள். சரோஜம் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சம்மதிக்கலேன்னா?"

"மத்தவங்களுக்குக் கூலி கிடைக்கும். ஜினிக்கு ரெண்டு சின்னப் பிள்ளைக. வேற எல்லாருக்கும்..."

"அது எனக்கு மனசிலாச்சு. நான் அதுக்கு எதிரா நிக்கல்ல. அவங்க எல்லாம் கை தூக்குனா பாஸாயிரும் இல்லியா? ஒன் ஒரு கை வேணும்னு இல்லியே?"

"வேணும்னு இல்ல."

"அப்படின்னா நீ தூக்காத. ஆரும் தூக்கட்டு. பாஸாவட்டு. நீ மட்டும் சும்மா இரு." கிழங்குகளை அள்ளிக்கொண்டு எழுந்து, "கட்டஞ்சாயா போடட்டா?" என்று கேட்டாள்.

ஜெயபாய் சாயா குடித்துவிட்டு வந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் கமிட்டி ஹாலுக்கு வெளியே வராந்தாவில் சேனைப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். அன்று வேலையைப் பாதியில் விட்டு, மேலங்கியோடேயே வந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பச்சையாகத் தெரிந்தது. ஜெயபாய் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

ஹரிஷங்கர் திட்டத்தை வாசித்தார். ஜெயபாய் எழுந்து தன் திருத்தத்தைச் சொன்னாள். இரவெல்லாம் மனதுக்குள் மலையாளத்தில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது, பேசும்போது கலைந்துபோயிற்று. ஆனாலும் சொல்லி முடித்தாள். இந்த மூன்று பேரும் சேனை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர்கள், வீட்டுக்காரர்கள் நாயை அவிழ்த்துவிட்ட காலத்தில் கதவு தட்டியவர்கள் என்றாள். இன்ஷுரன்ஸ் கம்பெனி அவர்களை எடுக்காவிட்டால் பஞ்சாயத்தே எடுக்கட்டும் என்றாள். எதிர்க்கட்சியிலிருந்து இரண்டு பேர் ஆதரித்தார்கள். அவளுடைய கட்சிக்காரர் ஒருவரும் கை தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவள் காதருகே குனிந்து, "சேச்சி இதெல்லாம் பார்ட்டிக்குள்ள பேசணும். இங்க வச்சு இல்ல" என்றார்.

திருத்தம் தோற்றது. "இனி ஒரிஜினல் தீர்மானம்" என்றார் ஹரிஷங்கர். "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

கைகள் உயர்ந்தன. பாஸாக இவ்வளவே போதும் என்று ஜெயபாய்க்குத் தெரிந்தது. சும்மா இருக்கலாம். சரோஜம் கேட்டது அவ்வளவுதான். வராந்தாவில் யாரோ இருமினார்கள். பச்சை மேலங்கியோடு ஏழு வருஷம் நடந்தவள், சேனைக்குக் கூலி என்று இந்தப் பஞ்சாயத்து முதன்முதலாக எழுதுகிற நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள் என்றால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது? ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவளுக்கே அந்தக் கூலி வர வேண்டும் என்று இருந்தது. எத்தனையோ மாதக் கடைசியில் பங்கு வைத்த சில்லறையைப் பார்த்துக்கொண்டு நின்றது அவள் உடம்பில் இருந்தது.

அவள் கையைத் தூக்கினாள்.

வராந்தாவில் கைதட்டல் கேட்டது. வெளியே வந்தபோது ஜினி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். தங்கபாயும் கமலாட்சியும் சுவரோரமாக நின்றார்கள். சரோஜத்தைக் காணவில்லை.

"அவ அப்பளே போயிட்டா" என்றாள் தங்கபாய். "நீங்க கை தூக்குனது வரெ நின்னா."

அடுத்த வாரம் ஷெட்டில் கேக் வெட்டினார்கள். ஜெயபாயைக் கூப்பிட்டு, துடைத்த நாற்காலியில் உட்காரவைத்து, சிவப்புக் கரை போட்ட பொன்னாடை போர்த்தினார்கள். கேக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் மட்டும் ஒரு ஓரத்தில் கூடி நின்று, கையால் பிய்த்துத் தின்று, ஒருத்தி முகத்தில் ஒருத்தி கிரீம் தேய்த்துச் சிரித்தார்கள். ஜெயபாய் பொன்னாடை நழுவாமல் பிடித்துக்கொண்டு தட்டைக் காலி செய்தாள். அவள் எழுந்தபோது இருக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

சரோஜத்தின் வீட்டுக்கு மூன்று முறை போனாள். மூன்று முறையும் கதவு பூட்டிக் கிடந்தது. போன் அடித்தால் எடுப்பதில்லை.

வார்டில் எழுபது ரூபாய் தகராறு தொடங்கியிருந்தது. சாலையில் போனால் யாராவது கூப்பிட்டு நிறுத்துவார்கள். ரிட்டையரான வாத்தியார் ஒருவர், தேர்தலுக்கு அவள் கையைப் பிடித்து வாழ்த்தியவர், மதில் மேலாக எட்டிப் பார்த்து, "ஒன் ஆளுகளுக்கு நல்லா செஞ்சு குடுத்திட்டே. எங்க வோட்டு எதுக்குன்னு இப்ப மனசிலாச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் முற்றத்தில் நின்றால், பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் கொஞ்சம் விலகி இடம்விடுவார்கள். அந்த இடத்தில் அவள் நின்றபிறகு பேச்சு வேறு எங்கோ போய்விடும். ராத்திரி ரெனி வீடியோவில் வருவாள். "அம்மா சாப்பிட்டாச்சா? என்ன கறி?" என்பாள். இல்லாத கறி ஒன்றைச் சொல்லிவிட்டு ஜெயபாய் போனை வைப்பாள். பிறகு டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அடுக்களையில் வேலை செய்வாள்.

மே மாதம் ஒரு நாள் ஷெட்டுக்கு ஏதோ சரிபார்க்கப் போனபோது, தரம் பிரிக்காத சாக்குகள் கூரை வரைக்கும் ஏறிக் கிடந்ததைப் பார்த்தாள். ஆட்டோ வந்ததால் சேர்வது சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது. உட்கார்ந்து பிரிக்க ஆள் இல்லை. ரோட்டில் நடக்கிற வேலைக்குத்தானே இன்ஷுரன்ஸ்காரன் பயப்படுகிறான், நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு என்ன என்று அவளுக்குத் தோன்றியது. நேராக விஷ்ணுப்ரியாவிடம் போனாள்.

விஷ்ணுப்ரியா யோசித்தாள். "ஷெட் வேலைக்கு வேற கணக்குத் தலைப்பில ஆள் எடுக்கலாம் சேச்சி. வயசு வரம்பு நம்ம கமிட்டியே வைக்கலாம். ஆனா பிரசிடென்ட் சம்மதிக்கணும், பின்ன ஜில்லா ஆபீசில அப்ரூவல் வாங்கணும்."

இந்த முறை ஜெயபாய் கமிட்டியில் பேசவில்லை. கட்சி ஆபீசிலும் பேசவில்லை. ஹரிஷங்கரை ஷெட்டுக்கே அழைத்துப் போய், சாக்குகள் நடுவில் நிற்கவைத்தாள். நாற்றம் தாங்காமல் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சரி என்றார். ஜில்லா ஆபீசுக்கு ஜெயபாய் மழையில் நனைந்துகொண்டு பஸ் ஏறி எத்தனையோ முறை போனாள். ஒரு மேஜையில் இருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். ஜூலை பாதியில், கர்க்கடகம் பிறந்த பிறகு உத்தரவு வந்தது. மூன்று பேருக்கு ஷெட்டில் வேலை. அதே அறுநூறு ரூபாய்.

தங்கபாயும் கமலாட்சியும் சொன்ன அன்றே சம்மதித்தார்கள். சரோஜம் எங்கே என்று ஜெயபாய் சிபிக்கு போன் செய்து கேட்டாள். அம்மா திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையில் வேலைக்கு இருக்கிறாள், விடிகாலை பஸ்ஸில் போய் இருட்டினால்தான் திரும்புவாள் என்றான்.

கிள்ளிப்பாலத்தில் இறங்கி ஜெயபாய் ஆரியசாலைக்கு நடந்தாள். லாரிகள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தன. திருநெல்வேலிப் பேச்சுக் கேட்ட ஒரு கடையில் விசாரித்தாள், அவர்கள் பின்பக்கக் கோடவுனைக் காட்டினார்கள். உள்ளே வற்றல் மிளகாய் மலைபோலக் குவிந்து கிடக்க, அதைச் சுற்றி நாலைந்து பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாய்க்கு வாசலிலேயே தும்மல் வந்துவிட்டது. தும்மல் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்த சரோஜம், மடியைத் தட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணின் ஓரங்கள் சிவந்திருந்தன.

"எப்படி எடம் கண்டுபிடிச்சே?"

"சிபி சொன்னான்."

இரண்டு பேரும் சுவரோரமாக, லாரிக்கு வழிவிட்டு நின்றார்கள். ஜெயபாய் உத்தரவைப் பற்றிச் சொன்னாள். உட்கார்ந்த இடத்தில் வேலை, தலைக்கு மேல ஃபேன் போட்டாச்சு, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சொல்லச் சொல்ல அவளுக்கே வேகம் கூடியது.

"மத்த ரெண்டு பேரும்?"

"திங்கக்கிழமை சேருதாவ."

"நல்லது. கமலாட்சிக்கு முட்டுவலி. அவளுக்கு அது ஒதவும்."

"நீயும் திங்கக்கிழமை வா."

சரோஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மிளகாய்க் காரம். "நான் வரல்ல."

"இங்க என்ன கிடைக்கும் ஒனக்கு? பஸ்ஸுக்கே போயிருமே."

"கொறவுதான். இருக்கட்டு."

"கோபமா சரோஜம்?"

"கோபம் இருந்துது. இப்ப இல்ல." அவள் சேலையில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைத் தட்டிவிட்டாள். "நீ கை தூக்கினது தப்புன்னு ஆராவது சொன்னா நானே சண்டைக்குப் போவேன். அத்தனை பிள்ளைகளுக்குக் கூலி கிடைச்சுது. ஆனா ஒங்கிட்ட நான் ஒரு காரியம் கேட்டேன். அதுக்கு முன்ன வேற எதாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"அதான். ஷெட்டில வந்து இருந்தா தெனமும் அது நினைப்பு வரும். ஒனக்கும் வரும். இங்க எனக்கு ஆரையும் தெரியாது. என்னெயும் ஆருக்கும் தெரியாது. காம்பு கிள்ளினா நேரம் போவுது."

ஜெயபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி, தன் மடியில் கிடந்த கையைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். சொன்னால் அது சரோஜத்தை மறுபடியும் ஒத்துக்கொள்ளச் சொல்லுவதுபோல் ஆகும் என்று தோன்றியது.

உள்ளேயிருந்து கணக்கப்பிள்ளை, "சரோஜம்மா, சாக்கு வந்தாச்சு" என்று குரல் கொடுத்தார்.

"வாறேன்" என்ற சரோஜம், "வெள்ளம் குடிக்கியா?" என்று கேட்டாள். உள்ளே போய் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெயபாய் அண்ணாந்து குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சரோஜம் மூக்குத் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாவது இடம் ஓணம் வரும் சிங்க மாதம் வரைக்கும் காலியாகவே கிடந்தது. விஷ்ணுப்ரியா இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் பொறுக்கலாம் என்றாள் ஜெயபாய். ஓணத்துக்கு முன்னால் ஷெட்டில் சாக்குகள் மறுபடியும் ஏறின. தங்கபாயும் கமலாட்சியும் கை ஓயவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். விஷ்ணுப்ரியா மூன்றாவது முறை கேட்க வந்தபோது ஜெயபாய் மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டை இரண்டு முறை நகர்த்தி வைத்தாள்.

"அங்க மேக்க படிஞ்ஞாறுகரையில ஒரு அம்மா கேட்டுட்டு இருக்காவல்லா. அவங்களுக்குக் குடுத்திருங்க."

"சேச்சிக்குப் பரிச்சயமா அவங்க?"

"இல்ல" என்றாள் ஜெயபாய்.

அன்று சாயங்காலம் அவள் வார்டின் கடைசி வீடு வரைக்கும் நடந்தாள். எழுபது ரூபாய் கொடுக்காத வீடுகளில் பேசிப் பார்க்க வேண்டும் என்று ஜினி சொல்லியிருந்தாள். சில வீடுகளில் பேசினார்கள். சிலர் ஆள் இல்லாததுபோல் இருந்துகொண்டார்கள். இருட்டி, விளக்குகள் எரிய ஆரம்பித்த பிறகு, பக்கத்தில் நடக்க யாரும் இல்லாத சாலையில், அவள் ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தாள்.